விண்ணகத்துச் சுற்றம் தேடிய ஆதர் கிளார்க்

இராக்காலத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையிலே நின்று வானத்தை நோக்குவார் எவர்க்கும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அங்கே மின்னுகின்ற விண்மீன்களுள் யாதாயினும் ஒன்றன் அருகில் உலகம் ஒன்று உண்டோ? அவ்வுலகத்திலே நம்மைப்போல எண்ணவும் பேசவும் வல்ல உயிர்கள் உளவோ? உளவாயின், நாம் வணங்கும் இறைவனே அவ்வுயிர்களுக்கும் இறைவனாவானோ? இவை சிறுவர் கேட்கும் வினாக்கள் போலத் தோன்றினும், பேரறிஞர் பலரை உறங்கவிடாது வருத்தியவை. இவற்றைத் தம் வாழ்நாள் முழுவதும் சிந்தித்து, அச்சிந்தனையின் பயனை உலகறிய எழுதிய ஒருவர் நம் கொழும்பு மாநகரைத் தம் ஊராக ஏற்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தீவிலே வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடக்கமாயினார். அவரே ஆதர் சாள்ஸ் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர்.

அவர் மறைந்த 2008ஆம் ஆண்டிற் பிறந்த குழந்தைகள் இன்று பாடசாலையின் மேல்வகுப்பு மாணவராய் வளர்ந்துவிட்டனர். செய்மதியைப் பற்றிக் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர் அவர் பெயரை அம்மாணவர்க்குச் சொல்வர். சமயபாட ஆசிரியர் சொல்வதில்லை. ஆயின் அவருடைய பெருங்கதைகளைப் படிப்போர், அவற்றுட் பல சமயத்தையே தொட்டு நிற்றலைக் காண்பர். ஆதலின் அவர் வரலாற்றைச் சமய நோக்கோடும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தமிழ் மக்களாகிய நமக்குத் தகும்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலே, சமசெற் மாவட்டத்தில், மைன்ஹெட் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1917 டிசெம்பர் 16ஆம் நாள் அவர் பிறந்தார். உடன்பிறந்தார் நால்வருள் மூத்தவர் அவரே. முதலாம் உலகப் போரிலே நச்சுவாயுவால் உடல்நலங் கெட்ட தந்தையார், மகனுக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போதே இறந்தார். தாயார் பண்ணைத் தொழிலாற் குடும்பத்தைக் காத்தார். அப்பண்ணை வீட்டிலே சிறுவன் ஆதர் தானே அமைத்த தொலைநோக்கியால் நிலவின் மலைகளையும் பள்ளங்களையும் கண்டு படம் வரைந்தான். ஆகாயப் பயணக் கதைகளைத் தாங்கிவந்த அமெரிக்கச் சஞ்சிகைகளைத் தேடித் தேடி வாசித்தான். பல்கலைக்கழகஞ் செல்லப் பொருள் இன்மையால் 1936இல் இலண்டன் சென்று, அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். பகலிலே கணக்கேடும் இரவிலே விண்மீனுமாக அவர் காலங் கழிந்தது. கோள்களுக்கிடையே பயணஞ் செய்தல் கூடும் என்று நம்பிய சிலர் கூடி அமைத்த பிரித்தானிய விண்பயணச் சங்கத்தில் உறுப்பினராகி, பின்னர் அதன் தலைவராகவும் விளங்கினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, 1941இல் அரச விமானப் படையிற் சேர்ந்தார். படையினர் ஒவ்வொருவரும் கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டிலே அவரவர் சமயமும் பொறிக்கப்படும். வேறொன்றுஞ் சொல்லாதார்க்கு இங்கிலாந்துத் திருச்சபை என்று பொறித்தல் அங்கு வழக்கம். கிளார்க் அதற்கு இசைந்திலர். இயற்கை முழுவதையுமே கடவுளாகக் காணுங் கொள்கையினன் என்று பொறித்தல் வேண்டும் என வற்புறுத்தினார். இளமையில் நிகழ்ந்த இச்சிறு நிகழ்ச்சி அவருடைய பிற்கால எழுத்துக்களுக்கெல்லாம் முன்னுரை போன்றது. தாம் பிறந்த திருச்சபையை அவர் விட்டார். ஆனால் அண்டத்தின் முன்னே தலைவணங்கும் வியப்புணர்ச்சியை விட்டாரல்லர்.

படையிலே ராடார்க் கருவிப் பயிற்சி பெற்ற அவர், 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒரு பொருள், பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் அதே கால அளவில் தானும் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே நிலத்திலிருந்து பார்ப்பார்க்கு அது வானில் ஓரிடத்திலேயே நிலைத்து நிற்பது போலத் தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்றினை அமைத்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று அக்கட்டுரை காட்டிற்று. அதற்கு அவர் பெற்ற ஊதியம் 15 பவுண். இருபது ஆண்டுகளுள் அக்கருத்து செய்மதியாக வானில் ஏறியது. போர் முடிந்தபின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயின்று, 1948இல் முதல்வகுப்பிற் தேறினார்.

அக்காலத்திலேயே அவருக்குச் சமயவாதி ஒருவரோடு கருத்துப் போர் நேர்ந்தது. ஒக்ஸ்போட்டிலே இலக்கியங் கற்பித்த சி. எஸ். லூயிஸ் என்பார் கிறித்தவ நெறியில் ஆழ்ந்த நம்பிக்கையுடையவர். செவ்வாயிலும் வெள்ளியிலும் பாவமறியாத உயிர்கள் வாழ்வதாகக் கதைகள் எழுதியவர். மனிதன் பாவத்தால் வீழ்ந்தவன். அவன் பிற கோள்களிற் சென்று குடியேறின் அங்குள்ள தூய்மையையும் கெடுப்பான் என்பது லூயிஸின் அச்சம். கோள்களுக்கிடையே உள்ள பெருந்தூரத்தை, தொற்றுநோயாளனை ஒதுக்கி வைக்கும் வேலி போல அவர் கருதினார். கிளார்க் இதனை ஏற்கவில்லை. விண்வெளியின் பேரகலம் மனிதனுடைய செருக்கை அடக்கி அவனைத் திருத்தும் என்பது அவர் துணிபு. இருவரும் கடிதம் எழுதியும் நேரிற் கண்டும் வாதித்தனர்; எனினும் பகைத்தாரல்லர். மாறுபட்ட கொள்கையுடையார் மதிப்போடு உரையாடுதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கிளார்க் இலங்கையை முதன்முதற் கண்டது 1954 டிசெம்பரில். அவுத்திரேலியாவின் பவளப்பாறைகளைக் காணச் செல்லும் வழியில் அவர் ஏறிய கப்பல் கொழும்புத் துறையிற் சிறிதுபோது தங்கியது. அச்சில மணிநேரம் போதுமாயிற்று. 1956இல் இங்கு வந்தவர், இதனையே தம் இல்லமாக்கிக்கொண்டார். கடலடியிற் சுழியோடுதல் அவருக்குப் பெருவிருப்பம். நீரினுள்ளே உடலின் கனம் தோன்றாது மிதத்தல், விண்வெளியில் மிதத்தலை ஒக்கும் என்பதே அதற்குக் காரணம். விண்வெளி செல்ல வழியற்ற காலத்தில், அவர் கடலை விண்ணாகக் கொண்டார்.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த ஒன்று சைவ மக்கள் மறத்தற்கரியது. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையிற் சுவாமிமலையின் அடியிலே கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போத்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசுவரப் பெருங்கோயிலின் சிதைவுகளை, செதுக்கிய தூண்களும் கற்களுமாக, அங்கே கண்டனர். சம்பந்தப்பெருமான் பாடிய தலத்தின் எச்சங்கள் முந்நூறு ஆண்டுக்கு மேலாக மீன்கள் நடுவிலே கிடந்தன. கடலடியிலிருந்து ஓர் இலிங்கமும் மீட்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளைக் கிளார்க், தப்பிரபேனின் பவளப்பாறைகள் என்னும் பொருள்படும் பெயரோடு 1957இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

ஒரே கடலில் மூழ்கி எழுந்த நண்பர் இருவரும் இருவேறு கரையில் ஏறியதுதான் இங்கே சிந்திக்கற்பாலது. மைக் வில்சன் பின்னர் 1962இல் வெளிவந்த ரன்முத்து துவ என்னும் முதல் வண்ணச் சிங்களத் திரைப்படத்தை ஆக்கினார். அதற்குக் கிளார்க் துணை நின்றார். ஆனால் திருகோணமலைக் கடல் வில்சனை விட்டபாடில்லை. அவர் உலக வாழ்வை வெறுத்துத் துறவு பூண்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு இந்நாட்டிற் சிவநெறியில் வாழ்ந்தார். கிளார்க்கோ, கறுவாத்தோட்டத்து வீட்டிலே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, கடவுளர் இல்லாத வானத்திலே வேற்றுலக அறிவுயிர்களைத் தேடினார். கண்ட பொருள் ஒன்றே. கொண்ட பயன் வேறு.

இனி அவர்தம் கதைகளுட் சிலவற்றை நோக்குவோம். 1953இல் வெளிவந்த குழந்தைப்பருவ முடிவு என்னும் நாவலில், பேரறிவு படைத்த வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து போரையும் வறுமையையும் ஒழிக்கின்றனர். பல்லாண்டு உருக்காட்டாதிருந்து, முடிவில் அவர்கள் வெளிப்படுகின்றபோது, கொம்பும் சிறகும் வாலும் உடையராய், கிறித்தவ மரபிற் சாத்தான் எவ்வாறு சித்திரிக்கப்படுவானோ அவ்வாறே தோன்றுகின்றனர். நன்மை செய்ய வந்தவர் தீயோன் உருவில் நிற்கின்றனர். உருவத்தைக் கண்டு உள்ளத்தை அளத்தல் பிழை என்னும் பாடம் அதனுள் இருக்கின்றது.

1955இல் வெளிவந்த விண்மீன் என்னும் சிறுகதை இன்னும் கூர்மையானது. யேசுசபைக் குருவானவராகிய வானியல் அறிஞர் ஒருவர், வெடித்தழிந்த ஒரு விண்மீனின் மருங்கில், அழகிய நாகரிகம் ஒன்று அடியோடு எரிந்துபோன சுவட்டைக் காண்கிறார். அம்மக்கள் தம் கலைகளையும் நினைவுகளையும் சேமித்து வைத்துவிட்டு மாண்டனர். வெடித்த காலத்தைக் கணித்துப் பார்த்த குருவானவர் நடுங்குகின்றார். பெத்லகேமிலே இயேசு பிறந்தபோது கீழ்வானில் தோன்றிய வெள்ளி, அவ்விண்மீன் வெடித்த ஒளியே என்று கணக்குக் காட்டுகின்றது. ஓர் உலகத்தாருக்கு நற்செய்தி கூறுதற்கு மற்றோர் உலகத்தாரை எரித்தல் தகுமோ என்னும் வினாவோடு கதை நிற்கின்றது. கிளார்க் அக்குருவானவரை எள்ளி நகையாடவில்லை. நம்பிக்கையுடையான் ஒருவன் படும் வேதனையை, நம்பிக்கையில்லாத தாம் உள்ளிருந்து உணர்ந்து எழுதினார். அக்கதை 1956இல் ஹியூகோ பரிசு பெற்றது.

ஸ்ரான்லி குப்ரிக் என்னும் திரைப்பட நெறியாளரோடு கூடி அவர் ஆக்கிய 2001 என்னும் படம் 1968இல் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. மனிதனின் முன்னோரிடத்து அறிவின் பொறியை ஏற்றிவைத்த வேற்றுலகத்தாரை அது கருப்பொருளாக உடையது. 1973இல் வெளிவந்த இராமனைச் சந்தித்தல் என்னும் பொருளுடைய நாவலிலே, ஐம்பது கிலோமீற்றர் நீளமான ஓர் உருளை ஞாயிற்று மண்டலத்துள் நுழைகின்றது. கிரேக்க உரோமத் தெய்வப் பெயர்கள் தீர்ந்துபோனமையால், வானியலார் இந்துசமயப் பெயர்களை எடுத்து அதற்கு இராமன் என்று பெயரிட்டனர் என்பது கதை. அவ்வுருளை மனிதரை ஏறெடுத்தும் பாராமல் தன்வழியே போய்விடுகின்றது. அண்டம் நமக்காகவே ஆக்கப்பட்டது என்னும் இறுமாப்பை இதனினும் நயமாகத் தகர்த்தல் அரிது.

1979இல் வெளிவந்த சொர்க்கத்து ஊற்றுக்கள் என்னும் நாவலிலே நம் நாட்டுச் சிவனொளிபாதமலையும் சிகிரியாவும் பெயர் மாறி இடம்பெறுகின்றன. மலையுச்சியில் வாழும் பிக்குகளுக்கும், அங்கிருந்து விண்ணுக்கு ஏறுதளம் அமைக்க வரும் பொறியியலாளனுக்கும் இடையே நிகழும் போராட்டமே அதன் உயிர். அதே நூலில், வேற்றுலகிலிருந்து வரும் அறிவுக்கருவி ஒன்று மனிதரோடு உரையாடிக் கடவுட் கொள்கைகளை ஆராய்ந்து மறுக்கின்றது. அதன்பின் பூமியிற் சமயங்கள் தளர்கின்றன. வேற்றுலக அறிவுயிரைக் கண்ட நாளிலே சமயங்கள் தம் பிடியை இழக்கும் என்பதே கிளார்க்கின் எதிர்பார்ப்பு.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று ஆராய்தல் வேண்டும். வேற்றுலகத்தார் உளர் என்பது மெய்ப்படின் எல்லாச் சமயங்களும் ஒரே வகையில் அதிர்ச்சியுறுமோ? உலகங்கள் எண்ணிறந்தன என்று கூறிய புரூணோ, வேறு பல கொள்கைகளோடு இதுவும் குற்றமாகக் கொள்ளப்பட்டு, 1600இல் உரோமாபுரியில் எரிக்கப்பட்டார். இறைமகன் ஒரேயொரு முறை, இப்பூமியிலே மனிதனாய்ப் பிறந்து பலியானான் என்னும் கொள்கைக்கு, பிற உலகத்தாரின் மீட்பு யாங்ஙனம் என்னும் வினா கடினமானதே. ஆயின் கிறித்தவமும் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. கிளார்க் மறைந்து இரண்டு திங்கள் கழிவதற்குள், 2008 மே மாதத்தில், வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவராயிருந்த குருவானவர் ஓசே காபிரியேல் பூனெஸ், வேற்றுலக உயிர்களை நம்புதல் கத்தோலிக்க விசுவாசத்துக்கு முரணன்று என்று வெளிப்படையாகக் கூறினார்.

நம் சைவ சித்தாந்தமோ தனு, கரணம், புவனம், போகம் என நான்கு வகுத்து, உயிர்கள் எண்ணில என்றும், அவை வினைக்கீடாக வாழும் புவனங்கள் பல என்றும் உரைக்கின்றது. பௌத்தர் சக்கரவாளங்கள் பல என்பர். திருவாசகத்துத் திருவண்டப்பகுதியிலே மாணிக்கவாசகப் பெருமான் இறைவனது பெருமைக்கு முன் அண்டங்களெல்லாம் நுண்டூசியாகச் சிறுத்துப்போதலைக் காட்டுகின்றார். பூமி ஒன்றே உலகம் என்றோ, மனிதன் ஒருவனே உயிர் என்றோ நம் முன்னோர் வரையறுத்தாரல்லர். ஆதலின் கிளார்க் எதிர்பார்த்த அதிர்ச்சி இச்சமயங்களின் அடித்தளத்தை அசைக்கும் என்று கொள்ளற்கு இடமில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதனைக் கொண்டு, விஞ்ஞானிகள் இன்று கூறுவனவெல்லாம் நம் ஏட்டிலே முன்பே உள்ளன என்று மேடைதோறும் முழங்குதல் தகாது. மணிவாசகர் பாடியது பத்தியின் வியப்பு, தொலைநோக்கியின் கணக்கன்று. சித்தாந்தம் கூறும் புவனங்கள் வினைப்பயன் நுகரும் இடங்கள். வானியலார் கூறும் கோள்கள் அளந்து காணும் பொருள்கள். இரண்டையுங் குழைத்தல் இரண்டுக்கும் இழுக்கு. ஞாயிற்றையொத்த பிறிதொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதல் அறியப்பட்டது 1995இலேதான். இன்று அறியப்பட்ட அத்தகைய புறக்கோள்கள் 5,000க்கு மேற்பட்டன. எனினும் அவற்றுள் ஒன்றிலேனும் உயிர் உண்டு என்பதற்குச் சான்று இன்னும் கிடைத்திலது. ஓர் உயிரணுவும் காணுமுன் வெற்றிமுரசு கொட்டுதல் அறிவுடைமையாகாது.

இந்த அடக்கத்தைக் கிளார்க்கிடத்தும் காணலாம். வேற்றுலக அறிவுயிர் உண்டு என்று நம்பியவரேயாயினும், பறக்குந் தட்டுக் கதைகளை அவர் நம்பினாரல்லர். 1964இல் நியூயோர்க் நகரில் அவரும் குப்ரிக்கும் வானிலே புதுமையான ஒளியொன்றைக் கண்டு வியந்தனர். விசாரித்தபோது அது எக்கோ என்னும் செய்மதி எனத் தெளிந்தது. நம்ப விரும்பும் பொருளையே மிகுதியாகச் சோதித்தல் வேண்டும் என்னும் நெறி அவருடையது. அந்நெறி சமயவாதிக்கும் வேண்டற்பாலதே.

இந்நாட்டுக்கு அவர் செய்த தொண்டும் சிறிதன்று. 1975இல் இந்தியா செய்மதிவழிக் கல்வி ஒளிபரப்பை ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நடத்தியபோது, இந்திய விஞ்ஞானிகள் கொழும்பில் அவர் இல்லத்திலும் ஏற்புக்கருவி ஒன்றை நிறுவினர். முப்பது ஆண்டுகட்கு முன் தாம் தாளில் வரைந்ததை அவர் தம் வீட்டுக் கூரையின்கீழ் இருந்தே கண்டார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராயிருந்தார். 1984இல் அவர் பெயரால் நவீன தொழினுட்ப நிலையம் மொறட்டுவை கட்டுபெத்தையில் நிறுவப்பட்டது. பிரித்தானிய அரசு சேர் பட்டமும், 2005இல் இலங்கை அரசு இலங்காபிமான்ய என்னும் அதியுயர் விருதும் வழங்கின. 1962இல் உடலைத் தாக்கிய நோய் இளம்பிள்ளைவாதம் எனப்பட்டது. அதன் பின்விளைவால் முதுமையிற் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். ஆயினும் எழுத்து நின்றிலது.

2007 டிசெம்பரில் தொண்ணூறு வயது நிறைந்தபோது, அவர் தம் விருப்பங்கள் மூன்றை உலகுக்கு வெளியிட்டார். வேற்றுலக உயிர் உண்டென்பதற்குச் சான்று காணல் ஒன்று. மண்ணெண்ணெய், நிலக்கரி முதலியவற்றை விடுத்து மனிதகுலம் தூய சக்தியை நாடுதல் மற்றொன்று. தாம் வாழும் இலங்கையிலே நிலைத்த சமாதானம் நிலவுதல் மூன்றாவது. மூன்றனுள் ஒன்றையும் காணாது 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பில் உயிர் நீத்தார். எச்சமயத்துச் சடங்கும் செய்யற்க என்று எழுதி வைத்தபடியே, மூன்றாம் நாள் பொரளை மயானத்திற் சடங்கின்றி அடக்கஞ் செய்யப்பட்டார். போர் 2009 மே மாதத்தில், எத்தனையோ குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தி, முடிந்தது.

அம்மூன்று விருப்பங்களையும் அவர் ஒருசேர வைத்ததன் பொருள் எண்ணற்பாலது. பல்லாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள உயிரையும் சுற்றமாகக் கொள்ள விரும்பிய ஒருவர், தம் வீட்டு வாயிலுக்கு வெளியே அயலார் ஒருவரையொருவர் அந்நியராகக் கருதி அழிதலைக் கால்நூற்றாண்டு கண்டார். கொட்டாஞ்சேனையிலே சிறிது தூரம் நடப்பார்க்கு அம்மன் கோயில் மணியும், புனித லூசியா பேராலய மணியும், விகாரையின் பிரித்தும், பள்ளிவாசலின் வாங்கோசையும் கேட்கும். அண்டங்கள் பலவென்று ஓதும் நாம், அந்த ஒரு வீதியிலே எதிர்வீட்டாரை நம்மவர் என்று ஏற்றோமா?

கிளார்க்கின் கடவுள் மறுப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. கோணேசர் கடலில் மூழ்கியும் அவர் கோணேசரை வணங்காது எழுந்தார்; அஃது அவர் நெறி. ஆயினும் அண்டத்தின்முன் தன்னைச் சிறியனாக உணர்தலும், அறியாததை அறிந்ததாகக் கூறாமையும், வேற்றுருவினரை அஞ்சாது வரவேற்றலுமாகிய மூன்று பண்புகளும் அவர்பால் நிறைந்திருந்தன. இவை மெய்ச்சமயிக்கும் உரிய பண்புகளே. வேற்றுலகத்தார் என்றேனும் வந்திறங்கின் அவர்கள் நம் சமயத்தின் தகுதியை அளப்பது நம் நூல்களின் தொகையைக் கொண்டன்று. நாம் ஒருவரோடொருவர் வாழும் வாழ்க்கையைக் கொண்டேயாகும்.